ஒற்று விழுந்த முத்திரை

அப்பாவின் பிஸ்கட் டப்பாவில் 11 ரப்பர் ஸ்டாம்புகள் இருந்தன. கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் அவர் வேலை பார்த்தபோது சேர்ந்தவை. ஆலையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்பாவும் இப்போது இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோதுதான் டப்பா கீழே வந்தது. கூடவே பாதி எழுதிய ஒரு பேரேடும், நூலில் கோத்த ஒரு கட்டு பழைய ரசீதுகளும். ‘நகல்’, ‘அவசரம்’, ‘சரிபார்க்கப்பட்டது’, ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று ஸ்டாம்புக்கு ஒரு அலுவலகச் சொல். தேதி ஸ்டாம்ப் ஒன்றும் இருந்தது. அதன் ரப்பர்ப் பட்டையைச் சுற்றிக்கொண்டே போனால் 2004-ஓடு காலம் முடிந்துவிடுகிறது.

ஆலையின் பெயர் பொறித்த இரண்டை முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மூடிய நிறுவனம் என்றாலும் அதன் முத்திரையைக் குத்தி விளையாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மீதி 9. இந்த ஒன்பதையும் வீட்டில் அன்றாடம் சேரும் பிளாஸ்டிக்கையும் கொண்டு, பேரேட்டின் எழுதாத பக்கங்களில் ஒரு கலைக் குறிப்பேடு செய்து பார்ப்பது என்று இறங்கினேன். ஜூனில் தொடங்கிய வேலை அக்டோபர் கடைசி வரை இழுத்தது. அதில் பாதி தோல்விக் கணக்கு. அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நன்றாக வந்த பக்கங்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை.

கலைக் குறிப்பேடு என்பது நாட்குறிப்பும் ஓவிய நோட்டும் கலந்த ஒன்று. வண்ணம், கிழித்த தாள், துணி, நூல், கையெழுத்து எல்லாம் ஒரே பக்கத்தில் சேரும். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை என்பதால் கை கூசாமல் எதையும் செய்து பார்க்கலாம். அலுவலக ஸ்டாம்பைக் கலைக்குள் கொண்டுவருவதும் புதிது அல்ல. ஜெர்மனியின் ஹனோவர் நகரில் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919-லேயே அதைச் செய்தார். டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள் என்று அகப்பட்டதையெல்லாம் ஒட்டிய அதே மனிதர்தான். அவருடைய குப்பையில் பால் கவர் இல்லை. அதனால் நான் பட்ட பாட்டை அவர் படவில்லை.

வீங்கிய ‘அவசரம்’

முதல் தவறு ஸ்டாம்புகளைக் கழுவியதிலேயே நடந்தது. அவற்றின் முகத்தில் ஊதா மை அடை அடையாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் கழன்றுவிடும் என்று நினைத்து ‘அவசரம்’ ஸ்டாம்பைச் சோதனைக்காக ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தேன். மை கழன்றது உண்மை. ஆனால் இயற்கை ரப்பர் மண்ணெண்ணெயைக் குடித்து உப்பும் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த ஆளைப் போல இருந்தது ‘அவசரம்’. எண்ணெய் ஆவியாகச் சில நாளில் வீக்கம் வடிந்தாலும் எழுத்தின் விளிம்புகள் பழைய கூர்மைக்குத் திரும்பவே இல்லை. மற்ற எட்டையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில், தேய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அரை மணி நேர வேலை. அதுவே போதுமாக இருந்தது.

கழுவிய பிறகு ‘பணம் செலுத்தப்பட்டது’ ஸ்டாம்பைத் தாளில் குத்தினால் ‘பணம் செலுத்தபபட்டது’ என்று விழுந்தது. ‘ப்’ மேலிருந்த புள்ளியைக் காணவில்லை. நான் தேய்த்த தேய்ப்பில்தான் போய்விட்டது என்று பதறி, பிரஷ்ஷின் மயிர்களுக்கு இடையில்கூடத் தேடினேன். பிறகு என்னவோ தோன்றி ரசீதுக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ரசீதுக்கு ரசீது அதே ஸ்டாம்ப், அதே ஊதா மை. ஆனால் அந்த ஒரு புள்ளி மட்டும் பெரும்பாலானவற்றில் நீலப் பேனாவால் வைத்ததாக இருந்தது. சிலவற்றில் அழுத்தி, சிலவற்றில் அவசரத்தில் கோடாக இழுபட்டு. குத்திய கையோடு பேனாவை எடுத்துப் புள்ளியை வைத்துவிட்டுத்தான் அப்பா அடுத்த ரசீதுக்குப் போயிருக்கிறார். எத்தனை ஆண்டுகளாக என்று தெரியவில்லை. கட்டின் அடியில் இருந்த ரசீதுகளில் புள்ளி ஊதாவிலேயே இருக்கிறது.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டாம்புக் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். புள்ளியை மட்டும் ஒட்டித் தர முடியுமா என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். “இது அச்செழுத்துக் கோத்து வார்த்தது, இப்போது இந்த வேலை செய்ய ஆளே இல்லை” என்றார். ஈய எழுத்துகளை வரிசையாகக் கோத்து, அதன் மேல் அட்டையை அழுத்தி அச்சு எடுத்து, அந்த அச்சில் கந்தகம் கலந்த வேகாத ரப்பர்த் தாளை வைத்து, சூடான இரும்பு அழுத்தியில் வேகவைத்து எடுத்த பழைய முறை. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் வித்தைக்கு அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை வாங்கினார். ரப்பர் ஸ்டாம்ப் என்ற பொருளே அதற்குப் பிறகுதான் சாத்தியமாயிற்று. இன்றைய கடைகளில் நடப்பது வேறு. கணினியில் எழுத்தை அடித்து, நெகட்டிவ் எடுத்து, ஒளி பட்டால் இறுகும் பாலிமர்க் கூழின் மேல் புற ஊதா விளக்கைக் காட்டுகிறார்கள். ஒளி படாத இடத்தைத் தண்ணீரில் கழுவிவிட்டால் ஸ்டாம்ப் தயார். அரை மணி நேரத்தில் புதிதாகவே செய்து தருகிறேன் என்றார் அவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பழையதையே எடுத்துக்கொண்டு வந்தேன்.

தாமரை இலையில் ஊதா மை

ஸ்டாம்ப் பேடில் உள்ள ஊதா மை, சாயத்தைத் தண்ணீரிலும் கிளிசரின் போன்ற உலராத திரவத்திலும் கரைத்தது. பேடு மாதக்கணக்கில் ஈரமாக இருப்பது அந்தத் திரவத்தால்தான். அப்படியானால் தாளில் மட்டும் எப்படிக் காய்கிறது? அங்கேயும் அது காய்வதே இல்லை என்று சொல்லலாம். தாளின் நார்கள் அதை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கில் உறிஞ்ச நார் கிடையாது. ஒரு பால் கவரைக் கழுவித் துடைத்து ‘நகல்’ குத்தி வைத்தேன். மூன்றாம் நாள் மாலை விரல் வைத்துப் பார்த்தால் விரல் ஊதா. அதற்குள் வீட்டில் ஒரு பள்ளிச் சட்டையின் கைமடிப்பும் ஊதாவாகியிருந்தது.

மை காயாதது ஒரு தொல்லை என்றால், பரவாதது இன்னொரு தொல்லை. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். பால் கவர் செய்யும் பாலித்தீனின் பரப்பு ஆற்றல் அதே அளவையில் 31-ஐ ஒட்டித்தான். பரப்பின் பிடிமானம் திரவத்தின் இழுவிசையைவிடக் குறைந்தால் திரவம் பரவாமல் முத்து முத்தாகத் திரளும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்லும் சங்கதி. கோடு மெல்லியதாக உள்ள இடங்களில் எழுத்து அறுந்து, சுழி உள்ள இடங்களில் மை தேங்கி, ‘நகல்’ என்பது குழந்தை வைத்த புள்ளிக்கோலம் போல ஆயிற்று.

ஊதாவை விட்டுவிட்டு அக்ரிலிக் வண்ணத்துக்குப் போனேன். பஞ்சில் தொட்டு ஸ்டாம்பின் முகத்தில் தட்டிக் குத்தினால் நன்றாகவே விழுந்தது, உலரவும் செய்தது. ஆனால் நகத்தால் கீறினால் செதில் செதிலாக வந்தது. இந்தக் கட்டத்தில்தான் தற்செயலாக ஒன்று கண்ணில் பட்டது. ஒரே கவரின் சில துண்டுகளில் வண்ணம் உரிகிறது, சில துண்டுகளில் பிடித்துக்கொள்கிறது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது: பிடித்துக்கொண்ட துண்டுகள் எல்லாவற்றிலும் நான் குத்தியது கவரின் வெளிப்பக்கம். உரிந்தவை, பால் பட்ட உள்பக்கம்.

காரணம் அச்சகத்தில் இருக்கிறது. பால் நிறுவனத்தின் பெயரும் கோலமும் அச்சாக வேண்டிய பக்கத்தை மட்டும், படலம் தயாராகும்போதே உயர் மின்னழுத்தப் பொறியின் கீழே ஓட்டி எடுக்கிறார்கள். இதற்குக் கொரோனா பதப்படுத்தல் என்று பெயர். நோய்க்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு. இதனால் அந்தப் பக்கத்தின் பரப்பு ஆற்றல் 38-ஐத் தாண்டுகிறது, அச்சு மை பிடிக்கிறது. கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஸ்டாம்புக்கு அவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள். இந்தப் பதம் மாதங்கள் செல்லச் செல்ல மங்கும். ஆகவே பழைய கவரைவிட நேற்றுக் கழுவியது நல்லது. செல்லோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கத்து எழுத்தில் ஓரங்கள் மட்டும் போயின. உள்பக்கத்தில் சொல் முழுதாக டேப்போடு வந்துவிட்டது.

டேப்பில் முழுதாக வந்த அந்தச் சொல்லைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கடைசியில் சரியான மையைக் காட்டியது அப்பளக் கட்டு. சிறு தொழிலாக அப்பளமும் முறுக்கும் செய்கிறவர்கள், பிளாஸ்டிக் உறையில் தயாரித்த தேதியையும் விலையையும் ரப்பர் ஸ்டாம்பால்தான் குத்துகிறார்கள். பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த விஷயம். அன்றைக்குத்தான் கண்ணில் உறைத்தது. நான் வழக்கமாக வாங்கும் வீட்டில் போய்க் கேட்டேன். அந்த அம்மாள் ஒரு தகர மூடி போட்ட பேடை எடுத்துக் காட்டினார். “இது சீக்கிரம் காய்கிற மை, கண்ணு. மூடியைத் திறந்து போட்டால் பேடே காய்ந்துவிடும், குத்தினதும் மூடிவிட வேண்டும்” என்றார். தண்ணீருக்குப் பதில் விரைவில் ஆவியாகும் கரைப்பானில் நிறத்தைக் கரைத்த மை அது. கரைப்பான் பறந்ததும் நிறம் பிளாஸ்டிக்கின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். நெடி உண்டு, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ரப்பரையும் மெல்ல உப்பவைக்கும் என்பதால் குத்தி முடித்ததும் துடைத்துவிட வேண்டும். வெளிநாட்டுக் கைவினை மைக்காக இணையத்தில் ஒரு மாதம் விலை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். விடை என் வீட்டு அப்பள டப்பாவில் இருந்திருக்கிறது.

இஸ்திரிப் பெட்டியும் செய்தித்தாளும்

ஒற்றைப் படலமாகப் பால் கவர் மிகவும் நொய்யது. நாலைந்தை அடுக்கிச் சூட்டில் இணைத்தால் தோல் போன்ற கெட்டித் தாள் கிடைக்கும். மென் பாலித்தீன் ஏறத்தாழ 110 டிகிரியில் இளகும், இஸ்திரிப் பெட்டி அதைத் தாண்டியே சுடும். கவர்களைப் பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, பட்டுத் துணிக்கான சூட்டில் பெட்டியை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே 10, 15 விநாடி தேய்க்க வேண்டும். அச்சிட்ட பக்கம் உள்ளே திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சு மை பட்டர் பேப்பரில் ஏறிவிடும். பருத்திச் சூட்டுக்குக் குமிழைத் திருப்பினால் ஓட்டை விழும், ஓரம் சுருளும். எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் புகை வருகிற அளவுக்குப் போகவே கூடாது. பிளாஸ்டிக் வகையைக் காட்டும் முக்கோணத்துக்குள் 3 என்று போட்டிருக்கும் பி.வி.சி.யைச் சூட்டின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். மூச்சுக் குழாயை அரிக்கும் வாயு.

ஆவின் கவரின் நீலமும் பச்சையும் ஆரஞ்சும் இப்படிச் சேரும்போது தனி அழகு. சமன்படுத்திய பாலின் நீலம் நிறைகொழுப்புப் பாலின் ஆரஞ்சுக்கு அடியில் போனால் மாலை நேரத்துக் குளம் போல ஒரு கலங்கல் நிறம் வருகிறது. இதைக் காசு கொடுத்து வாங்கிய எந்த வண்ணத்திலும் நான் கண்டதில்லை.

ஒரு நாள் பட்டர் பேப்பர் தீர்ந்துபோய்ச் செய்தித்தாளை வைத்துத் தேய்த்தேன். செய்யக் கூடாது என்று தெரிந்தே செய்த சோம்பேறித்தனம். தாள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் ஊறவைத்து விரலால் உருட்டி உருட்டித் தாளை எடுத்த பிறகு பார்த்தால், அச்செழுத்துகள் மட்டும் பிளாஸ்டிக்கின் மேல் தங்கியிருந்தன, இடம் வலம் மாறி. ஒரு திருமண மண்டப விளம்பரமும் பருத்தி விலை நிலவரமும் கண்ணாடியில் தெரிவது போலக் கிடந்தன. படலம் அங்கே ஒளி புகும் அளவுக்கு மெல்லியது. ஆகவே பின்பக்கம் திருப்பிப் பிடித்தால் எழுத்து நேராகப் படிக்கக் கிடைத்தது. ஆலைக் கணக்கருடைய பேரேட்டில் பருத்தி விலை தானாக வந்து உட்கார்ந்ததை நான் தடுக்கவில்லை.

ஒட்டுவதுதான் அடுத்த மல்லுக்கட்டு. ஃபெவிகால் தாளைப் பிடிக்கும், பாலித்தீனைப் பிடிக்காது. காய்ந்ததும் பிளாஸ்டிக் தனியாக வழுக்கிக்கொண்டு வரும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் சில நாளில் கைவிட்டது. கடைசியில் தையல் எந்திரம். பேரேட்டுத் தாள் மெல்லியது. தையல் நெருக்கமாக விழுந்தால் தபால்தலை ஓரம் போலத் துளையிட்டுக் கிழிந்துவிடுகிறது. தையலின் நீளத்தை 4 மில்லிமீட்டருக்கு வைத்தேன். எந்திரத்தின் பாதம் பிளாஸ்டிக்கில் ஒட்டி நகர மறுத்தது. அதற்கு மேலே ஒரு துண்டு பட்டர் பேப்பரை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுத்தால் சரியாகிவிட்டது.

பழைய பேப்பர்க் கடையில் கேட்ட கேள்வி

ஆகஸ்ட் மத்தியில் கவர் பற்றாக்குறை. தெருமுனைப் பழைய பேப்பர்க் கடையில் பால் கவர் மூட்டை மூட்டையாக இருக்கும். அங்கே போய் ஒரு கிலோ கேட்டேன். கடைக்காரர் எனக்கு நன்கு தெரிந்தவர். எதற்கு என்று கேட்டார். சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன், மறுசுழற்சி என்ற சொல்லையும் சேர்த்து. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அண்ணா, பால் கவரை நான் காசு கொடுத்து வாங்குகிறேன். இது உருக்கப் போகிறது, குழாயாகவோ பையாகவோ திரும்பி வரும். நீங்கள் தாளோடு சேர்த்துத் தைத்துவிட்டால் அதற்கப்புறம் அதை யார் எடுப்பார்கள்?”

பதில் இல்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தபோது பால் உறைக்கு விலக்குக் கொடுத்தார்கள். குப்பை வியாபாரத்திலும் அதற்கு ஒழுங்கான மதிப்பு இருக்கிறது, ஒரே வகைப் படலம், கழுவினால் சுத்தம். அதை நான் அக்ரிலிக்கும் பசையும் தாளும் நூலும் சேர்த்து எவரும் பிரிக்க முடியாத ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். கைவினை வீடியோக்கள் இதைத்தான் ‘பூமியைக் காப்பாற்றுவது’ என்று சொல்கின்றன. 10 கவரை நிறுத்தால் 30 கிராமை ஒட்டி வரும். அதில் பூமி தப்பிக்கவும் போவதில்லை, அழியவும் போவதில்லை. ஆனால் பெயரையாவது சரியாகச் சொல்ல வேண்டும். நான் செய்துகொண்டிருந்தது படம். மறுசுழற்சி செய்துகொண்டிருந்தவர் அவர்.

அதுவரை தைத்த பக்கங்களை அப்படியே விட்டேன். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அவர் வாங்குகிற பிளாஸ்டிக்கை ஒட்டுவதில்லை, அவர் வாங்க மறுப்பதை மட்டுமே ஒட்டுவது. என்னவெல்லாம் மறுப்பீர்கள் என்று கேட்டேன். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், கேக் வருகிற, கண்ணாடி போன்ற மொறமொறப்பான பிளாஸ்டிக் டப்பா என்று விரல் விட்டுச் சொன்னார்.

மறுப்பையே கருவியாக்கியது

அப்படியானால் பால் கவருக்கு இனி வேலை இல்லையா? டேப்பில் ஒட்டி முழுதாக உரிந்து வந்த அந்தச் சொல் அப்போதுதான் ஞாபகம் வந்தது. எது பிடிக்காமல் என்னைப் பாடாய்ப் படுத்தியதோ, அந்த உள்பக்கம்தான் இப்போது வேண்டியிருந்தது.

கவரை வெட்டி விரித்து, உள்பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் ஒட்டினேன். அதன் மேல் அக்ரிலிக் வண்ணத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ குத்தினேன். வெங்காயம் வருகிற வலைப்பையைச் சுருட்டி ஒரு பாட்டில் மூடியில் கட்டி, அதையும் வண்ணத்தில் தோய்த்து ஒற்றினேன். மீன் செதில் போல விழுந்தது. காய்ந்ததும் மேலே ஃபெவிகாலை ஒரே சீராகத் தடவி ஒரு இரவு விட்டேன். காலையில் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தபோது, வெயிலில் உரியும் தோல் போலச் சரசரவென்று முழுதாக வந்தது. ஒளி ஊடுருவுகிற, வளைகிற மெல்லிய படலம். உள்ளே எழுத்து மிதக்கிறது. பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருந்த முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பு; ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து இடம் வலம் மாறியிருக்கும். நேராக வேண்டுமென்றால் சொரசொரப்பான பக்கம், மினுமினுப்பு வேண்டுமென்றால் இடம் வலம் மாறிய எழுத்து. இரண்டையும் சேர்த்துப் பெற, கண்ணாடி எழுத்தாகக் குத்தும் ஒரு ஸ்டாம்பை நானே செதுக்க வேண்டியிருந்தது.

அதற்கு உதவியது தேய்ந்துபோன ஹவாய் செருப்பு. சின்ன வயதில் அதில் வண்டிச் சக்கரம் வெட்டாத பையன் எங்கள் தெருவில் இல்லை. குதிகால் பக்கம் தேய்ந்து, விரல் பக்கம் இன்னும் கெட்டியாக இருக்கும். அந்த முன்பாதியை பிளேடால் சதுரமாக வெட்டி ‘ழ’ செதுக்கினேன். சாதாரண ஸ்டாம்புக்கு எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும்; இங்கே நேராகவே செதுக்கினால் போதும், படலம் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஹவாய் ரப்பரின் நுண்துளைகள் பெரிய எழுத்தில் அழகாகப் பொரிப்பொரியாக விழும், விரல் நகத்தைவிடச் சிறிய எழுத்தை அவை தின்றுவிடும்.

ஃபெவிகால் படலம் மழை நாளில் பால் போல வெளுத்து ஈரம் காய்ந்ததும் தெளிகிறது. அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. படலத்தைத் தாளில் ஒட்டுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. அதே ஃபெவிகால் போதும். வேலை முடிந்த கவரைக் கழுவிக் காயவைத்துக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம். ஒரே கவரில் நாலைந்து படலம் எடுக்க முடிகிறது. இன்னொரு வேலைக்கும் அதே மறுப்பு பயன்பட்டது. அக்ரிலிக் பூசிய பக்கங்கள் மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திறந்தால் இரண்டிலும் பாதிப் பாதி கிழியும். நடுவே பால் கவரை உள்பக்கமாக வைத்தால் ஒட்டவே ஒட்டாது.

6 என்ற எண்

மொறமொறப்பான கேக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன். மடித்தால் வளையாமல் சடக்கென்று உடையும். இதை வெட்டிச் சூடாக்கினால் சுருங்கும். 1973-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இரண்டு பெண்கள் இதையே குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருளாக்கி விற்றார்கள். தாளாக வார்க்கும்போதே நாலாபக்கமும் இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிரவைத்த பிளாஸ்டிக் இது. 100 டிகிரியைத் தாண்டியதும் உள்ளே முறுக்கேறி நின்ற மூலக்கூறுச் சங்கிலிகள் விடுபட்டுத் தம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். என்னிடம் 10 சென்டிமீட்டர்த் துண்டு 4.5 சென்டிமீட்டராக ஆயிற்று. பரப்பு ஐந்தில் ஒன்று. பொருள் எங்கும் போகவில்லை என்பதால் தடிமன் ஐந்து மடங்கு. குத்திய எழுத்து அதே விகிதத்தில் குறுகி, நிறம் அடர்ந்து, செதுக்கிய கல்வெட்டு போலக் கூர்மையாகிறது.

முதல் டப்பாவை எண்ணைப் பார்க்காமல் ஓவனில் வைத்தேன், அது 1, தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக். வெளுத்துப்போய் கசக்கிய துணி போல் வந்தது. இரண்டாவது சரியான 6. பெருமிதத்தோடு அப்பள மையை எடுத்துக் குத்தினேன். பாலித்தீனில் அவ்வளவு ஒழுக்கமாக இருந்த மை, பாலிஸ்டைரீனைக் கடித்துவிட்டது. அந்தக் கரைப்பான் இந்தப் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். எழுத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வெடிப்பு ஓடியது. ஆல்கஹால் கலந்த சிடி மார்க்கரை ஸ்டாம்பின் முகத்திலேயே தீட்டி, காயும் முன் சட்டென்று குத்துவதுதான் இங்கே ஒத்துவந்தது. மார்க்கர் தீட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடும். நீளமான சொல்லை இரண்டு மார்க்கரால் இரண்டு கையிலும் தீட்டிப் பழகினேன்.

‘பணம் செலுத்தப்பட்டது’ ஸ்டாம்பைக் கடைசிப் பக்கத்துக்கென்று வைத்திருந்தேன். டப்பாவின் தட்டையான மூடியில் குத்தினேன். வழக்கம்போல ‘செலுத்தபபட்டது’. பேனாவால் புள்ளி வைக்கலாம். ஆனால் இந்தத் துண்டைப் பேரேட்டில் சேர்க்கவும் ஒரு வழி வேண்டும். எந்தப் பசையும் நம்பும்படி இல்லை. சுருங்கிய பிறகு துளையிட்டால் பிளந்துவிடும். சுருங்கும் முன்பே, ‘ப’வின் தலைக்கு மேல், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் துளை போட்டேன்.

முதலில் சாதாரணத் தையல் ஊசியால் குத்திய துளை, ஓவனில் சுருங்கியபோது அடைத்துக்கொண்டது. இரண்டாவது முறை துளை நின்றது, ஆனால் துண்டு சுருண்டு தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. மூன்றாவதற்குக் கோணி ஊசியைச் சூடாக்கி 2 மில்லிமீட்டருக்குத் துளையிட்டு, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் வைத்து ஓவனின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். 160 டிகிரி. ஓரங்கள் கைகூப்புவது போல மேலே எழுந்தன. இதுவும் போயிற்று என்று நினைத்த நேரத்தில் மெல்ல மெல்லத் தளர்ந்து தட்டையாகப் படுத்தது. வெளியே எடுத்துக் கனமான புத்தகத்தை அதன் மேல் வைத்து ஆறவிட்டேன்.

சொல் 2 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறுகியிருந்தது. துளை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் பக்கத்து எழுத்துகளின் புள்ளிகளைவிடப் பெரிது. ரசீதுக் கட்டைக் கோத்திருந்த நூலில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. அதை இழை பிரித்து, மெல்லிய ஊசியில் கோத்து, பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தத் துளை வழியாக மூன்று முறை ஏற்றி இறக்கிப் பின்னால் முடிச்சுப் போட்டேன். நூல் நிறைந்ததும் துளை கறுப்பாகத் தெரியவில்லை. மங்கிய பழுப்பில் ஒரு சின்ன முடிச்சாக, ‘ப்’ மேல் நிற்கிறது.